முப்பதுக்கு இருபத்தொன்பது

பிப்ரவரி 4

அன்புள்ள சில்லுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஓட்டல் சலவை அறையின் ஆவியில் உனக்கு வந்த இருமல் விட்டதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது?

கொஞ்ச நாளாக அவருக்கு மறதி. ஐம்பத்தெட்டு வயதில் யாருக்குத்தான் இல்லை என்று முதலில் விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு பல் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு அளவெடுத்து வந்து கண்ணாடி வெட்டினார். சுவரில் சாய்த்தார். டீ குடித்தார். திரும்ப வந்து அதே அளவில் இன்னொன்று வெட்டினார். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனபோது ஒரே ஜன்னலுக்கு நான்கு கண்ணாடிகள் சாய்ந்திருந்தன. "எதுக்குங்க நாலு?" என்றேன். "யாரோ கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்காங்க டீச்சர்" என்றார். விளிம்பைப் பார்த்தாலே தெரிகிறது, வெட்டியது அவர் கை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயதானவர், நல்ல மனிதர். ஒரு பரீட்சை வைத்தார். இன்று என்ன தேதி, என்ன கிழமை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. கடிகாரம் வரைந்து நாலே முக்கால் காட்டு. மேசை, குதிரை, எலுமிச்சை, பாலம், சிவப்பு என்று ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டார். இவருக்கு மேசை மட்டும்தான் வந்தது. மொத்தம் முப்பதுக்கு இருபத்தொன்று.

வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பரீட்சை முடிவு ஒட்டுகிற நாளில் சில பிள்ளைகள் அப்படி நிற்பார்கள். மறதி நோய் என்று ஒரு தடவை காகிதத்தில் எழுதிவிட்டால் பிறகு அதை அழிக்க முடியாது சில்லு. அதற்கு மருந்தும் கிடையாது, ஊருக்கே தெரியும். டாக்டர் இன்னும் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

இருபத்தாறு வருடமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டிலேயே ஒருவர் இருபத்தொன்று வாங்கினால் என் மானம் என்ன ஆவது? கேள்வித்தாள் முழுக்க எனக்கு மனப்பாடம். இன்று முதல் டியூஷன் ஆரம்பம்.

பீங்கான் கோப்பைகளையெல்லாம் கையிலிருந்து நழுவ விட்டு உடைத்துவிட்டார். எவர்சில்வருக்கு மாறிவிட்டோம். வேறு செய்தி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 23

அண்ணிக்கு வணக்கம்.

இருமல் போய்விட்டது. சாப்பாடும் குறைவில்லாமல் நடக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை கிடையாது.

உங்கள் கடிதத்தைப் பாதி சிரித்துக்கொண்டும் பாதி பயந்துகொண்டும் படித்தேன். அண்ணன் உங்களிடம் மாணவனாக மாட்டிக்கொண்டாரா? பள்ளிக்கூட நாளிலேயே பின்வாசல் வழியாக ஓடினவர் ஆயிற்றே. அப்பா போன பிறகு என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டுதான் கடை திறக்கப் போவார். கண்ணாடித் துண்டுக்கு நடுவில் என்னை இறக்கிவிடப் பயம். "நீயே ஒரு சில்லு தங்கச்சி. சின்னதுன்னு மிதிச்சா தெரியும்" என்பார். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் எனக்கு. அவர் என்னை மறக்கிற நாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது தேற்றிவிடுங்கள்.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாவின் அப்பாவுக்கும் இந்தப் பரீட்சை வைத்தார்களாம். அந்த அம்மாவிடம் கேட்டு இதை எழுதுகிறேன். மிருகங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லச் சொல்வார்களாம். ஒரு பெட்டியின் படத்தைக் காட்டி அதே போல் வரையச் சொல்வார்களாம். அண்ணன் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று கேட்பார், கேட்க விடாதீர்கள். அந்த ஐந்து சொற்களுக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அவருக்குப் புத்தகம் ஏறாது, கடை ஏறும். ஒவ்வொரு சொல்லையும் கடையில் ஒரு பொருளோடு கட்டிப் போடுங்கள். கண்ணை மூடி மனசுக்குள் கடையைச் சுற்றி வந்தால் சொல் தானாக வரும்.

மார்க் வந்ததும் எழுதுங்கள்.

உங்கள்,
சில்லு


ஏப்ரல் 6

அன்புள்ள சில்லுவுக்கு,

உன் வாய்க்கு இனிப்புதான் போட வேண்டும். இருபத்தெட்டு.

நீ சொன்னபடியே செய்தேன். மேசை என்றால் வெட்டுகிற மேசை. கண்ணாடி சாய்த்து வைக்கிற மரச்சட்டத்துக்குக் குதிரை என்று பெயர் வைத்தோம். ஜன்னலில் ஒரு எலுமிச்சம்பழம். எதிரே தெரிகிற பாலம். சட்டத்துக்குப் பூசுகிற சிவப்பு பெயிண்ட் டப்பா. காலையில் கடை திறக்கும்போது ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, படுக்கும் முன் ஒரு சுற்று. முதல் மாதம் மண்டையில் ஏறவே இல்லை. "என்னை விட்டுடு டீச்சர், நான் மக்கு" என்றார். மக்குப் பிள்ளை என்று என்னிடம் ஒருவரும் கிடையாது என்று சொல்லித் திரும்ப ஆரம்பித்தேன். பரீட்சை அன்றைக்குப் பஸ்ஸில் முழுக்கக் கேட்டுக்கொண்டே போனேன். டாக்டர் அறை வாசலில் தேதியையும் கிழமையையும் காதில் சொல்லி உள்ளே அனுப்பினேன். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னபோது கடகடவென்று கீழே இறங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். மனஅழுத்தமாக இருந்திருக்கும், அதுதான் தெளிகிறது என்றார். தூங்க மாத்திரை கொடுத்தார். ரத்தத்தில் உப்புச் சத்து குறைவாம். என் சமையலில் உப்பு குறை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, கொஞ்சம் தூக்கலாகவே போடுகிறேன்.

கைதான் சரியில்லை. திடீரென்று ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறது. அந்த நேரம் வாயும் அந்தப் பக்கமாகக் கோணி, கண் மூடித் திறப்பதற்குள் சரியாகிவிடுகிறது. கனமான கண்ணாடி தூக்குகிற கை, கழுத்து நரம்பு பிடித்திருக்கும் என்று எலும்பு டாக்டரிடம் காட்டிப் பட்டை போட்டோம். நரம்பு டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. அவரிடம் போனது மறதிக்காக. நன்றாக எழுதிய விடைத்தாளில் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி யாராவது மார்க்கைக் குறைத்துக்கொள்வார்களா?

எங்களுக்கு என்று இருக்கிற ஒரே பிள்ளை நீதான். தைரியமாக இரு.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 25

அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

இருபத்தெட்டு என்று படித்ததும் சலவை அறையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். என்னோடு இஸ்திரி போடுகிறவள், "உங்க வீட்டுல யாரு பரீட்சை எழுதினா, பையனா பொண்ணா?" என்று கேட்டாள். "எங்க அண்ணன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கை விஷயத்தில் நீங்கள் செய்ததும் சரி. ஒரு டாக்டரிடம் இரண்டு வியாதியைச் சொன்னால் இரண்டையும் குழப்பிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன் அல்லவா, நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே மழையா என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா சாப்பிட்டாங்களா, பாரு" என்றார். அம்மா போய் எத்தனை வருடம் ஆயிற்று. கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிண்டல்தானே அண்ணி?

உங்கள்,
சில்லு


ஜூன் 10

அன்புள்ள சில்லுவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

மூன்றாவது பரீட்சையும் முடிந்தது. இருபத்தொன்பது. ஒரு மார்க் படத்தில் போய்விட்டது. இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

கடைக்கு வெள்ளையடிக்கிறோம். அதனால் கொஞ்ச நாள் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம், அவர் நன்றாகத் தூங்குகிற நேரம். நானே செய்கிறேன்.

அண்ணி


ஜூன் 27

அண்ணிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நீங்கள் போன் செய்யவில்லை. அதனால் நம் கடைக்குப் பக்கத்தில் பூட்டுச் சாவி செய்கிறவரிடம் பேசினேன். கடை திறந்து மாதக்கணக்காகிறது என்கிறார். வெள்ளையடிக்க ஆளே வரவில்லை என்கிறார். ஒரு நாள் அண்ணன் கடை வாசலில் நின்று உங்களைப் பார்த்து, "யாருடி நீ, என் கடைச் சாவி உன் கையில எப்படி வந்துச்சு?" என்று கத்தினாராம். தெருவே கூடிவிட்டதாம். நீங்கள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனீர்களாம்.

அண்ணன் உங்களை வாடி போடி என்று பேசி நான் கேட்டதே இல்லை. டீச்சர் என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. இருபத்தொன்பது வாங்கினவர் ஏன் இப்படி இருக்கிறார்? மார்க் ஏற ஏற ஆள் ஏன் இறங்குகிறார்?

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அக்டோபர் வரை எனக்கு விடுப்பு கிடையாது, ஓட்டல் நிரம்பி வழிகிறது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அந்த டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னீர்களா?

சில்லு


ஜூலை 22

அன்புள்ள சில்லுவுக்கு,

பயப்படாமல் படி.

பதினான்காம் தேதி உன் அண்ணன் தெருவில் விழுந்துவிட்டார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே வேறு டாக்டர், இளம் பெண். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். வயதானால் வருகிற மறதி நோய் இல்லையாம் இது. கிருமியும் இல்லை, கட்டியும் இல்லை. நோயை எதிர்க்க உடம்பில் இருக்கிற சக்தியே ஆள் தெரியாமல் மூளையைத் தாக்குகிறதாம். அதனால் மூளைக்குள் அழற்சி. மறதி, கை இழுப்பு, ரத்தத்தில் உப்பு குறைந்தது, கோபம், எல்லாமே இந்த ஒன்றுதான்.

இதற்கு மருந்து இருக்கிறது. ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற ஆரம்பித்துவிட்டது.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 3

அன்பு அண்ணிக்கு,

நான் சுகம். இப்போதுதான் சுகம்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சலவை அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதால் துடைக்கத் துணிக்கா பஞ்சம். மருந்து இருக்கிறது என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மறதி நோய் இல்லை. திரும்பி வந்துவிடுவார். நம் அண்ணன், நம் பழைய அண்ணன்.

நான் வரும்போது கடை திறந்திருக்கட்டும். என்னை வாசலிலேயே நிறுத்தி, "செருப்பு போட்டுக்கிட்டு வா, தரையெல்லாம் துண்டு" என்று அவர் அதட்ட வேண்டும். அந்த டாக்டர் அம்மாவுக்கு என் கும்பிடைச் சொல்லுங்கள். கை இழுப்பு நின்றுவிட்டதா? உங்களை அடையாளம் தெரிகிறதா? எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள்.

உங்கள்,
சில்லு


செப்டம்பர் 7

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணன் எடுக்கிறார். குரல் தெளிவாக இருக்கிறது, சிரிக்கிறார், என்னைச் சில்லு என்று கூப்பிடுகிறார். கோபமே இல்லை. "டீச்சர் பள்ளிக்கூடம் போயிருக்கா" என்கிறார். எப்போது செய்தாலும் அதேதான்.

அவர் தேறிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. பிறகு நீங்கள் ஏன் என்னோடு பேசமாட்டேன் என்கிறீர்கள்?

சில்லு


செப்டம்பர் 25

அன்புள்ள சில்லுவுக்கு,

நீ நன்றாக இரு.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் அவருக்கு நினைவு தெளிந்திருந்தது. அந்த டாக்டருக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து சொற்கள் சொன்னாள். கதவு, மயில், பஞ்சு, ஆறு, நீலம். கொஞ்சம் பொறுத்து, "நான் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க ஐயா" என்றாள். உன் அண்ணன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு மணி மணியாக, "மேசை, குதிரை, எலுமிச்சை, பாலம், சிவப்பு" என்றார்.

அவள் தன் காகிதத்தைப் பார்த்தாள். "நான் சொன்னது வேற ஐயா" என்றாள். மறுபடியும் அதையே சொன்னார்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்க டீச்சர்தான். ரொம்ப நல்லா சொல்லிக் கொடுப்பாங்க."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை ஒரு இழுப்பு இழுத்தது, வாய் கோணியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். இங்கிலீஷ் வருடப் பிறப்புக்கு முன்னாலிருந்து என்றேன். "யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" எலும்பு டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். இந்த இழுப்பைப் பார்த்தாலே இந்த நோயைச் சந்தேகிக்கலாமாம். பழைய டாக்டரின் தாள்களை எடுத்து விரித்தாள். இருபத்தொன்று, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. "இது ஏறிக்கிட்டே போச்சு. அதனால அந்த டாக்டர் மேற்கொண்டு தேடலை. இறங்கியிருந்தா, ஏன் இவ்வளவு வேகமா இறங்குதுன்னு ஏப்ரல்லயே தேடியிருப்பாங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மருந்து வேலை செய்தது. இழுப்பு ஒரு வாரத்தில் நின்றது. தூக்கம் வந்தது, கோபம் போனது, என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். நான் ஏமாந்துபோனேன். பிறகு மறுபடி தலையைப் படம் எடுத்தார்கள். அழற்சி வடிந்துவிட்டது. ஆனால் புதியதை வாங்கி வைத்துக்கொள்கிற இடம் சுருங்கிவிட்டது. பழையதெல்லாம் இருக்கிறது. நீ இருக்கிறாய், கடை இருக்கிறது, நான் இருக்கிறேன். இன்று காலையில் நடந்தது இல்லை. சோறு தின்றது இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. மருந்து நோயை நிறுத்தும், போனதைக் கொண்டுவராது என்றாள்.

"ஏப்ரல்ல வந்திருந்தா?" என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் வர்றவங்க நிறைய பேர் நல்லா தேறிடறாங்க" என்றாள். நான் கணக்கு டீச்சர். நிறைய பேர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தலையில் கை வைத்து, "போனா போகுது விடு. உனக்குத் தெரிஞ்சதைத்தானே செஞ்சே" என்றார். நான் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் அது அவரிடம் இல்லை. மனசு ஆறாமல் மறுநாள் மறுபடி சொன்னேன். அன்றைக்கு அழுதார். ஏன் டீச்சர் இப்படிப் பண்ணினே என்று கேட்டு அழுதார். அதுவும் சாயங்காலத்துக்குள் அவரிடம் இல்லை. எனக்குத்தான் இரண்டும் அப்படியே இருக்கிறது. இனி அவரிடம் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். நீ கேட்டபோதெல்லாம் நான் வீட்டில்தான் இருந்தேன். இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வது என்றுதான் எழுதவில்லை.

அண்ணி


நவம்பர் 12

அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். பயணத்தில் ஒரு சிரமமும் இல்லை. நீங்கள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வழியில் சாப்பிட்டேன்.

அங்கே வரும்போது வழியெல்லாம் உங்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் உங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்க முடியவில்லை. நீங்கள் பாதியாகிவிட்டீர்கள்.

நான் தங்கியிருந்த ஒவ்வொரு காலையும் அண்ணன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "எப்ப வந்தே சில்லு, சொல்லவே இல்லையே" என்றார். முதல் இரண்டு நாள் அழுதேன். பிறகு, "இப்பத்தான் வந்தேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கிளம்புகிற அன்று அவரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. எதற்கு?

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை அண்ணி. இருக்கிறது. சொற்களைக் கடையோடு கட்டிப் போடும் வழியைச் சொல்லிக் கொடுத்தது நான். கேக் வாங்கிக் கொடுத்தது நான். கையைப் பற்றிச் சொல்லாதது சரி என்று எழுதியதும் நான். அதனால் உங்கள் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு என் மேலும் இருக்கிறது. ஒன்றை வைத்து ஒன்றைக் கழிக்கப் பார்க்கிறேன், கழிய மாட்டேன் என்கிறது. காலம் போனால் குறையலாம். குறையாவிட்டாலும் நான் உங்கள் பிள்ளைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறீர்கள். அவரிடம் எதுவும் நிற்காது என்று நினைக்காதீர்கள். நீங்கள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் இல்லை, நான் இருந்த எல்லா நாளும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சில்லு


தேதியை டீச்சரிடம் கேட்டுப் போட வேண்டும்

என் அன்புத் தங்கச்சி சில்லுவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கை நன்றாக இருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நீ எப்படி இருக்கிறாய்? உன்னைப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஒரு தடவை வந்துவிட்டுப் போகக் கூடாதா? ஓட்டல்காரன் லீவு தராவிட்டால் அவன் ஜன்னலுக்கெல்லாம் நான் கண்ணாடி போட மாட்டேன் என்று சொல்.

கடையை இன்னும் திறக்கவில்லை. சாவி டீச்சரிடம் இருக்கிறது. கேட்டால் நாளைக்கு என்கிறாள்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். டீச்சர் இப்போது வேலைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன், சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். முன்பெல்லாம் வாய் ஓயாமல் ஏதாவது சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். நான் மக்கு என்று சொன்னால் சண்டைக்கு வருவாள்.

தட்டு வைக்கும்போது புடவைத் தலைப்பு விலகியபோது அவள் முழங்கையைப் பார்த்தேன். நீளமாக ஒரு தழும்பு. எங்கே பட்டது என்று கேட்டதற்கு, பாத்திரம் கழுவும்போது என்றாள். பாத்திரம் அப்படி வெட்டாது. ஓரம் தேய்க்காத கண்ணாடி வெட்டினால்தான் அப்படி இருக்கும். அதுவும் தானாகப் பட்டால் மேலாக இருக்கும், யாராவது தள்ளினால்தான் அந்த ஆழம் போகும். இது எனக்குத் தெரியாதா? இந்த வீட்டில் கண்ணாடி எடுக்கிறவன் நான் ஒருவன்தான்.

அப்படியென்றால் அதைச் செய்தது நான்தான். எப்போது, எதற்கு என்று உட்கார்ந்து யோசிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. அவள் அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால் பெரிதாகத்தான் ஏதோ செய்திருக்க வேண்டும். அதனால்தான் என்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

நீ கேட்டால் உன்னிடம் சொல்வாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டு எனக்கு எழுது. அவள் என்னை மன்னிக்க வேண்டுமானால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேட்டு எழுது. இதை மறந்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்